வேலிக்கு அங்கால் இட்டவை

மாவுக்குள் நேரே உடைக்கிறதில்லை.
முதலில் சின்னக் கோப்பை,
பிறகு மூக்கு,
அதற்குப் பிறகுதான் சட்டி.
போன ஆனியில் ஒரேயொரு கூழ்முட்டை
ஒரு கிலோ மாவையும் அரைக்கிலோ மாஜரினையும்
கிணற்றடி வாழைக்குக் கொண்டுபோனது.
அன்றிலிருந்து இந்தக் கோப்பை.
காது உடைந்தது.
வேறெதற்கும் எடுக்க விடமாட்டேன்.

பண்ணை முட்டையென்றால் ஆறு காணும்.
ஊர்க்கோழி முட்டை சின்னன், எட்டு வேணும்.
கரு பூசணிப்பூ நிறம்.
கேக்குக்கு நிறம் வாங்கிக் காசு கரைக்கத் தேவையில்லை.

இவர் நல்ல மனுசன்.
சீமெந்து வேலையால் வந்த கையோடு
கூட்டிலிருந்து எடுத்த முட்டைகளைக்
குழாயில் கழுவிப் பளபளவென்று அடுக்கி வைப்பார்.
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்,
ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று இருக்கு,
அதைக் கழுவினால்
முத்தையன்கட்டு வெயில் நேரே உள்ளே போகும்.
எச்சம் பட்டால் காய்ந்த துணி.
தண்ணீர், உடைக்கப்போகிற நேரம் மட்டும்.
தலையாட்டுவார்.
நாளைக்கும் கழுவுவார்.

இன்று பேராற்றில் ஒரு பிள்ளைக்கு
முதலாம் பிறந்தநாள்.
ஐந்து மணிக்கு ஓட்டோ வரும்.
ஏழு முட்டை சரியாய் விழுந்தது.
எட்டாவதில்
மணமில்லை, கலக்கமில்லை.
ஒரு சிவப்புப் பொட்டு,
அதிலிருந்து நாலு பக்கமும் நூல் நூலாய்.
எந்தக் கோழியும் அதன்மேல் படுக்கவில்லை.
இந்தப் பங்குனி வெக்கைதான்
அடை காத்திருக்க வேண்டும்.
அசைந்ததா என்று
நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

கூட்டில் வேறு முட்டை இல்லை.
புள்ளிப் பேடு மூன்று கிழமையாய் இடவில்லை.
"கறிக்குத்தான்" என்று
இவர் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

தகர வேலி.
துளை விழுந்த தகரங்கள்,
எந்த வருசத்துத் துளையென்று
இங்கே ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை.
அங்காலே சுகிர்தமலர்.
தையில் என் கோழிகள்
அவளுடைய மிளகாய் நாற்றுமேடையைக் கிளறிய நாளிலிருந்து
கதை இல்லை.

சட்டிக்குள் சீனியும் மாஜரினும் அடித்தபடி கிடக்குது.
மூன்றரை மணி.
"ஒரு முட்டை இருக்குமோ?"
துளையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
பிஸ்கற் தகரம் ஒன்றைத் தூக்கி வந்தாள்.
உமிக்குள்
கூர்ப்பக்கம் கீழாய்ப் பதினொரு முட்டை.
ஒவ்வொன்றிலும் பென்சிலால் திகதி.
பங்குனி 3. பங்குனி 5.
நேற்றையது, பங்குனி 25.

"உம்மட புள்ளிப் பேடு.
எங்கட விறகுக்கடியிலை இடுது.
கதையாத வீட்டுக்கு எப்பிடிக் கொண்டுவாறது?
அதுதான் எழுதி வைச்சனான்."

தண்ணீர் வாளியில் போட்டுப் பார்த்தேன்.
மூன்றாம் திகதி மிதந்தது.
ஐந்தாம் திகதி கூர் நிலத்தில் முட்ட
எழும்பி நின்றது,
போகவோ இருக்கவோ என்கிற விருந்தாளி மாதிரி.
மற்றவை படுத்துவிட்டன.
நேற்றையதைத்
திகதியோடு தட்டி, கோப்பையில் விட்டு,
மணந்து பார்த்துச் சட்டியில் ஊற்றினேன்.

ஓட்டோ போன பிறகு
ஒரு துண்டு கேக்கும் வெட்டியெடுத்த விளிம்புகளும்
தட்டில் வைத்து நீட்டினேன்.
வாங்கினாள்.
"நாற்றுக் கணக்கு வேறை" என்றாள்.
"தெரியும்" என்றேன்.
அறுபது கன்று. அதற்கு மேல் இருக்காது.
அவள் நூறு என்பாள்.

காலையில் பேடு
வழக்கமான துளையால் அங்கால் போனது.
இவர் சுத்தியலும் ஆணியுமாய் வந்தார்,
விடுங்கோ என்றேன்.
ஒரு மணித்தியாலத்தில்
விறகுக்குள்ளிருந்து கொக்கரிப்பு.
பிறகு தகரத்தில் இரண்டு தட்டு.

"எழுதட்டோ,
இல்லாட்டி நீர் எடுக்கிறீரோ?"